ஒற்றன் ரத்தினத்தை வரைந்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் அவர்கள் காலமாகி வருகிற மாசி மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதி அச்சிட்டு, உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று அண்ணி விரும்பினார். எழுதும் பொறுப்பை உடன்பிறந்த தங்கையாகிய என்னிடம் கொடுத்தார்.

நான் எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் நெருங்கிய உறவினர் இருவர் வந்து யோசனை சொன்னார்கள். நோயின் பெயரைப் போடாதே, நீண்ட நாள் காய்ச்சல் என்று எழுதிவிடு, வீட்டில் பெண் குழந்தை இருக்கிறது என்றார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அண்ணி ஒப்பவில்லை. அண்ணனுக்கு வந்தது பெருவியாதி, குஷ்டம். சுங்கை பூலோவில் அந்த நோயாளிகளுக்கென்று இருக்கும் குடியிருப்பில் சில ஆண்டுகள் இருந்து, அங்கேயே உயிர் நீத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு அவருடைய வாழ்க்கையில் வேறு எதையும் என்னால் சொல்ல முடியாது.

அண்ணன் கிள்ளானில், ரயில் பாதையை ஒட்டிய கூலி வீடுகளில் ஒன்றில் பிறந்தார். எங்கள் தகப்பனார் அங்கே தண்டவாளம் மாற்றிவிடும் வேலையில் இருந்தார். அண்ணனுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கையில் கரித்துண்டு இருக்கும் என்று அம்மா சொல்வார். சரக்கு வண்டிக் கதவுகளில் யானையும் கப்பலும் வரைவார். அந்த வண்டிகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போய்விடும். தான் வரைந்த யானை இப்போது எந்த ஊரில் நிற்கிறதோ என்று சாப்பிடும்போது கேட்டுக்கொண்டிருப்பாராம்.

பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை ஆங்கிலம் படித்தார். தகப்பனார் மலேரியாக் காய்ச்சலில் இறந்ததும் படிப்பு நின்றது. அண்ணனுடைய கையெழுத்தையும் கோடு போடும் சுத்தத்தையும் பார்த்த ஒரு துரை, கோலாலம்பூரில் ரயில்வே வரைபட அலுவலகத்தில் அவரைச் சேர்த்துவிட்டார். என்ஜினியர்கள் போடும் பாலப் படங்களை மெல்லிய தாளில் பிரதி எடுக்கும் வேலை. அம்மாவையும் என்னையும் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்து வந்து குவாட்டர்ஸில் குடிவைத்தார். அம்மா அங்கேதான் கண்ணை மூடினார். அண்ணிக்கும் கிள்ளான்தான். கல்யாணமாகி, எங்கள் பாப்பா பிறந்த காலம்தான் எங்கள் வீட்டில் சிரிப்பு அதிகம் கேட்ட காலம்.

அந்த அலுவலகத்துத் துரைமார் கப்பலில் படித்து முடித்த நாவல்களைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவார்கள். அண்ணன் அவற்றை எடுத்து வருவார். அட்டையில் தொப்பி போட்ட ஒருவன் துப்பாக்கியோடு சுவரோரம் நிற்பான். எல்லாம் ஒற்றர் கதைகள். ஒரு நாட்டின் ரகசியத்தை இன்னொரு நாட்டுக்காரன் திருடுவான், மற்றொருவன் அதை மீட்கப் போவான். அலுவலகம் விட்டு வந்ததும் அண்ணன் படித்த வரைக்கும் எங்களுக்குத் தமிழில் சொல்வார். அண்ணி அரிசி களைந்துகொண்டே கேட்பார். கேட்டுக்கேட்டு எங்கள் இருவருக்கும் லண்டன் மாநகரத்துச் சந்துபொந்தெல்லாம் தெரிந்ததுபோல் ஆகிவிட்டது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகத் தாய்நாட்டுக்குக் கப்பலேறியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ரயில்வேயிலும் ஆட்குறைப்பு வந்தது. அண்ணனுக்கு வேலை போயிற்று. வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். எங்களுக்குக் கப்பலேறிப் போய் இறங்க ஒரு வீடு இல்லை. பிரிக்பீல்ட்ஸிலேயே மசாலா அரைக்கும் ஆலை ஒன்றின் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குக் குடிபோனோம். எப்போதும் மிளகாய் நெடி. பாப்பா தும்மிக்கொண்டே தூங்கும்.

அண்ணன் வேலை கேட்டு ஏறாத படி இல்லை. மாதங்கள் போயின. அண்ணியின் நகைகள் போயின. ஒருநாள் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் சாமான் சுற்றி வந்தது. அதில் மூன்று நான்கு கட்டங்களாகப் படம் போட்டுக் கதை சொல்லியிருந்தார்கள். அண்ணன் அந்தத் தாளைத் தடவித் தடவி நிமிர்த்தினார். மறுநாள் கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியரைப் பார்க்கப் போனார். தன்னிடமிருந்த நாவல்களில் ஒன்றை எடுத்து, முதல் மூன்று படங்களையும் வரைந்து கொண்டுபோயிருந்தார்.

ஆசிரியருக்கு நம்பிக்கை வரவில்லை. நம் ஜனங்கள் பத்திரிகை வாங்குவது ஊர்ச் செய்திக்கும் விலைவாசிக்கும்தான், பொம்மை பார்க்க அல்ல என்றார். அதற்கு அண்ணன் சொன்ன பதிலை ஆசிரியரே பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஐயா, தோட்டத்துல ஒருத்தர் படிக்கிறாரு, மத்தவங்க சுத்தி உக்காந்து கேக்குறாங்க. படிக்கிறவருக்கு நீங்க நிறைய குடுக்குறீங்க. கேக்குறவங்களுக்குப் பாக்குறதுக்கு ஒண்ணு குடுங்க."

அப்படித்தான் ஒற்றன் ரத்தினம் பிறந்தான்.

அண்ணன் அந்தக் கதைகளை எப்படி மாற்றினார் என்பதைச் சொல்ல வேண்டும். அது சும்மா மொழிபெயர்ப்பு என்று நினைத்தவர்கள் உண்டு. நாவலில் ஒற்றன் பத்துப் பக்கம் யோசிப்பான். யோசனையைப் படம் போட முடியாது. அண்ணன் பென்சிலை வைத்துக்கொண்டு, அவன் எந்த இடத்தில் எதையாவது கையால் செய்கிறான் என்று தேடுவார். சாவியை எடுத்தான், தீக்குச்சி கிழித்தான், தொப்பியைக் கழற்றினான் என்று அந்த இடங்களை மட்டும் அடையாளமிட்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடுவார். தினம் மூன்று படம். மூன்றாவது படத்தைப் பார்ப்பவர் மறுநாள் பத்திரிகைக்குக் காத்திருக்க வேண்டும்.

லண்டன் மூடுபனியை அண்ணன் சுவெட்டன்ஹாம் துறைமுகத்து மழையாக்கினார். ஐரோப்பிய மாளிகையில் நடந்த விருந்தை அம்பாங்கில் ஈயச் சுரங்க முதலாளி ஒருவரின் வீட்டுக் கல்யாணமாக்கினார். வில்லனின் முகத்தை எந்தப் படத்திலும் காட்டவில்லை. முதுகையும் குடையையும் மட்டும் காட்டினார். எந்த இனத்து முகம் போட்டாலும் அந்த ஜனங்கள் வருத்தப்படுவார்கள், நாமெல்லாம் ஒரே பாசாரில் காய் வாங்குகிறவர்கள் என்பார். நாவல்களில் வரும் முத்தங்களையெல்லாம் அண்ணியின் கட்டளைப்படி அடித்துவிட்டார். அதற்குப் பதிலாக ரத்தினத்துக்கு அந்தப் பெண்கள் காப்பி கொடுத்தார்கள். ரத்தினம் நிறையக் காப்பி குடிக்கிறானே என்று கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டார்.

பத்திரிகைக்குப் படம் அச்சிடும் உலோக பிளாக் செய்ய வசதியில்லாததால் அண்ணனே மரக்கட்டையில் செதுக்கிக் கொடுத்தார். வரைந்த தாளைத் திருப்பிப் போட்டுத்தான் கட்டையில் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சில் இடம் வலமாகிவிடும். முதல் நாள் அவசரத்தில் மறந்துவிட்டார். ரத்தினம் இடது கையில் துப்பாக்கி பிடித்து வந்துவிட்டான். அன்றிலிருந்து அவனை இடக்கைக்காரனாகவே வைத்துக்கொண்டார். வசனம் படத்தின் கீழே அச்செழுத்துக் கோத்து வரும்.

ஜனங்களுக்கு ரத்தினத்தைப் பிடித்துப் போயிற்று. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக் கோபுரங்களையும் கிள்ளான் ஆற்றையும் படத்தில் பார்த்ததே அவர்களுக்குப் பெருமை. எங்கள் அறைக்கு மறுபடியும் அரிசி வந்தது. அண்ணன் பகல் முழுவதும் கட்டையோடு உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் இருந்து தாளைப் பதிப்பேன், தூளை ஊதுவேன். நாளடைவில் மரங்களையும் அலைகளையும் செதுக்க எனக்குக் கற்றுக் கொடுத்தார். முகங்களை மட்டும் அவரே செய்வார்.

நோய் தெரியவந்த நாளைச் சொல்கிறேன். மத்தியானம் அண்ணி காப்பி கொண்டுவந்தார். அண்ணன் குனிந்து செதுக்கிக்கொண்டிருந்தார். கட்டை முழுவதும் சிவப்பாக இருந்தது. நான் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததால் பார்க்கவில்லை. அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னாங்க, கையப் பாருங்க."

அண்ணன் பார்த்தார். சிற்றுளி வழுக்கிக் கட்டைவிரலின் அடியில் ஆழமாக வெட்டியிருந்தது. எப்போது வெட்டியது என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உளி முனையை எடுத்து அதே இடத்தில் வைத்து மெல்ல அழுத்தினார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்கல," என்றார் அண்ணன்.

அவருடைய முழங்கைக்கு மேலே வெளுத்த தேமல் ஒன்று நெடுநாளாக இருந்தது. மிளகாய்த் தூளின் ஒவ்வாமை என்று நாங்கள் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்த நிலையிலிருந்த டிரெஸர் ஒருவர் இறகால் தடவிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். பிறகு அண்ணனை உட்காரச் சொல்லி, மரியாதையாகவும் மெதுவாகவும் விஷயத்தைச் சொன்னார். சுங்கை பூலோவுக்குப் போக வேண்டும். எப்போது திரும்பலாம் என்று அண்ணன் கேட்டதற்கு அவர் அண்ணனின் தோளில் கை வைத்தார்.

புறப்பட்ட காலையில் அண்ணன் பாதி படித்திருந்த நாவலை எடுத்து மூட்டையில் வைத்துக்கொண்டார். அந்தக் கதையைத்தான் பத்திரிகையில் அப்போது வரைந்துகொண்டிருந்தார். பாப்பா வாசலில் நின்று தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது. அண்ணன் தம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அண்ணி பாப்பாவைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டே அண்ணன் எங்கள் சந்து வழியே நடந்தார். நான் ரயில் நிலையம் வரைக்கும் கூடப் போனேன். வழியில் ஒரு வார்த்தைதான் பேசினார்.

"மொகமும் இனி நீதான் செதுக்கணும், தங்கச்சி."

படக்கதை நின்றால் எங்கள் மூவருக்கும் சோறு இல்லை. அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் இருந்தபடி வேலை செய்கிறார் என்று மட்டும் பத்திரிகையில் சொல்லியிருந்தோம். அண்ணன் முன்கூட்டியே செதுக்கி வைத்திருந்த கட்டைகள் தீர்ந்ததும் நான் உளியை எடுத்தேன். ஆனால் கதை? நாவல் அண்ணனிடம் இருந்தது. அங்கிருந்து ஒரு தாள் வெளியே வந்தாலும் தொட ஆள் கிடையாது. ஆகவே பார்வையாளரை அனுமதிக்கும் நாட்களில் நான் ரயிலேறிப் போவேன். பார்வையாளர் கொட்டகையில் குறுக்கே ஒரு மரத் தடுப்பு. அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். அண்ணன் ஒவ்வொரு படமாக வாயால் சொல்வார். நான் அங்கேயே வரைந்து தூக்கிக் காட்டுவேன். தோளை இறக்கு, நிழலை இடப்பக்கம் போடு, இவன் பயந்தவன் அல்ல களைத்தவன், அதனால் கண்ணை முழுக்கத் திறக்காதே என்று திருத்துவார். அடுத்த முறை வரும்வரைக்குமான படங்களை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும். தன் உடம்பைப் பற்றி நான் கேட்டால் நேரம் போகிறது என்பார்.

அங்கே அந்த நோய்க்கு மருந்தாக நீரடிமுத்து விதை எண்ணெயை ஊசியில் ஏற்றுவார்கள். இடுப்பெல்லாம் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் நின்றபடியே பேசிய நாட்கள் உண்டு. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பிறகு நோய் கண்ணுக்கு ஏறியது. எழுத்து மங்கியது. அண்ணனின் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒரு சீனர். ஈப்போவில் ஆங்கிலப் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். எல்லோரும் அவரை மலாயில் வாத்தியார் என்ற பொருளில் 'சிக்கு' என்று அழைப்பார்கள். அவர் நாவலை உரக்கப் படிப்பார். அண்ணன் கேட்டு, மனதுக்குள் கட்டம் பிரித்து, எனக்குச் சொல்வார். பத்திரிகை வாசகர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ரத்தினம் இடது கையால் பூட்டை உடைத்துக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தான்.

என்னைச் சுங்கை பூலோ ஸ்டேஷனில் அடிக்கடி பார்த்த யாரோ ஒருவர் வழியாகச் செய்தி பரவியது. முதலில் என் கல்யாணப் பேச்சு நின்றது. பேசிக்கொண்டிருந்தவர்கள் காரணம் சொல்லவில்லை, வருவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணியின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஆட்கள் தயங்கினார்கள். குழாயடியில் எங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். பிறகு பத்திரிகை மூட்டைகள் சில தோட்டங்களிலிருந்து பிரிக்காமலே திரும்பி வந்தன. நோயாளி கைபட்ட காகிதம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

ஆசிரியர் எங்கள் சந்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. குடையைப் பிடித்தபடி வெளியே நின்று பேசினார். அவர் நல்லவர் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். முகம் வாடியிருந்தது.

"அச்சுக்கோக்குறவங்க கட்டையத் தொட மாட்டேங்கிறாங்கம்மா," என்றார்.

"செதுக்குறது நான்தான் ஐயா. அங்க போனப்புறம் அண்ணன் அதத் தொட்டதே இல்ல."

"எனக்குத் தெரியுது. ஊருக்கு யாரு சொல்றது?"

மூன்று படங்களுக்கு இடம் தருகிறேன், கதையை ஒரே நாளில் முடித்துவிடுங்கள் என்றார். அப்போது ரத்தினம் துறைமுகத்தில் ஒரு கப்பலின் அடித்தளத்தில் கட்டிப்போடப்பட்டிருந்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாவலில் இன்னும் பல அத்தியாயங்கள் மீதி இருந்தன.

மறுநாளே சுங்கை பூலோவுக்குப் போனேன். பார்வையாளர் நாள் இல்லை. கெஞ்சிக் கேட்டேன், விட்டார்கள். அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தடுப்புக் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டார். அந்தக் கதை ஒன்றுதான் அவரை வெளியுலகத்தோடு கட்டி வைத்திருந்தது. அதுவும் அறுகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கண் மங்கியதிலிருந்து தம்மைக் கொட்டகைக்கு அழைத்து வரும் சிக்குவை, முடிவைச் சொல்லும்படி கேட்டார். சிக்கு நாவலை முன்பே கடைசி வரை படித்திருந்தார். ஒற்றன் எப்படியோ தப்பித் தன் நாட்டு எல்லைக்கு வருகிறான், சொந்த ஆட்களே அவனை நம்பாமல் சுட்டுவிடுகிறார்கள் என்றார்.

"அத நான் போட மாட்டேன்," என்றார் அண்ணன்.

"அப்ப தப்பிச்சு வீட்டுக்கு வந்துட்டான்னு போட்டுடவா அண்ணே?"

"எப்படி வந்தான்? மூணு படத்துல அந்தக் கப்பல்லருந்து வர முடியாது. நம்மள நம்பிப் படிச்சவங்கள ஏமாத்தக் கூடாது."

அண்ணன் கைக்கு இருந்த வலுவில் தடுப்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். நேரமாகிறது என்று வார்டன் வந்து நின்றார். அப்போதுதான் அண்ணன் சொன்னார்.

"மூணு வேணாம். ஒரே படம் போடு, பெருசா. ஒரு வீட்டுக் கதவு, உள்ள இருந்து பாக்குற மாதிரி. வெளியில யாருன்னு காட்டாத. ஒரு பொம்பளக் கை தாழ்ப்பாளத் திறக்குது. அவ்வளவுதான். கீழ வசனம் வேணாம்."

அண்ணியை எங்கள் அறைக் கதவின் முன் நிற்க வைத்து, தாழ்ப்பாளில் கை வைக்கச் சொல்லி வரைந்தேன். அண்ணி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சொல்லிய மட்டும் அசையாமல் நின்றார். நான் செதுக்கியதிலேயே நல்ல கட்டை அதுதான். துணியில் சுற்றிப் பத்திரிகை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் படம் வெளிவரவில்லை. அச்சுக்கூடத்தில் ஆட்கள் கைவிரித்துவிட்டதாக ஆசிரியர் சொல்லியனுப்பினார். ரத்தினத்தின் இடத்தில் தைல விளம்பரம் ஒன்று வந்தது. ரத்தினம் என்ன ஆனான் என்று கேட்டுச் சில நாட்கள் கடிதங்கள் வந்தனவாம். பிறகு அவையும் நின்றன.

அடுத்த முறை போனபோது, வந்ததா என்றுதான் அண்ணன் முதலில் கேட்டார். வரவில்லை என்று சொன்னேன். கட்டையைக் கொடுப்பதற்கு முன் அதில் மை தடவிக் கையாலேயே தேய்த்து எடுத்த ஒரு பிரதியை நான் கொண்டுபோயிருந்தேன். தூக்கிக் காட்டினேன். அண்ணன் முகத்தைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நீட்டிப் பார்த்தார். அவருக்கு வெளிச்சமும் இருட்டுமாகத் தெரிந்ததே தவிர உருவம் தெரியவில்லை. அதைக் கண்ட சிக்கு என்னிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு, எனக்கும் புரியட்டும் என்று மலாயில் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஒரு கதவு. பலகையில் விரிசல். தாழ்ப்பாள். ஒரு கை, வளையல் இல்லாத கை. அண்ணன் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னைக் கேட்டார்.

"வெரல் எல்லாம் இருக்கா?"

"இருக்கு அண்ணே. அஞ்சும் இருக்கு."

அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு மனம் விட்டுப்போயிற்று. படம் சொல்ல வேண்டியதில்லை என்றானதும் என்னிடம் பேசுவதற்கு அவருக்கு ஒன்றும் இல்லாமல் போனது. எங்களை வரவேண்டாம் என்றார். நாங்கள் போனாலும் கொட்டகைக்கு வர மறுத்தார். அண்ணி கேட்கவில்லை. பார்வையாளர் நாள் தவறாமல் போய், அந்தக் காலிப் பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு, நேரம் முடிந்ததும் எழுந்து வருவார். ஆலையில் மிளகாய்க் காம்பு கிள்ளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவருடைய விரல்கள் எரிந்துகொண்டே இருக்கும். இப்படிப் பல மாதங்கள் போயின. ஒருநாள் சிக்கு அண்ணனின் தோளைப் பிடித்து அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தார். அண்ணன், "இன்னிக்கு மழையா?" என்று மட்டும் கேட்டார். அண்ணி ஆமாம் என்றார். அதன்பின் அண்ணன் கடைசி வரை தவறாமல் வந்து உட்கார்ந்தார். பாப்பாவின் படிப்பைப் பற்றி அண்ணி சொல்வார், அண்ணன் கேட்டுக்கொள்வார். பாப்பாவை அழைத்து வரட்டுமா என்று அண்ணி பலமுறை கேட்டும் அவர் ஒப்பவே இல்லை.

சென்ற ஆண்டு மாசியில் சிறுநீர் நின்று, உடம்பு வீங்கி, சில நாட்கள் நினைவில்லாமல் கிடந்தார். செய்தி கிடைத்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூச்சு அடங்கியிருந்தது. அங்குள்ள இடுகாட்டிலேயே அடக்கம் செய்தோம். தகனம் செய்ய வேண்டும் என்று அண்ணிக்கு ஆசை இருந்தது. முடியவில்லை. எங்களுடைய உறவினர்களில் அன்று யாரும் வரவில்லை. குடியிருப்பில் இருந்த சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று நிறையப் பேர் வந்து நின்றார்கள். குழிக்கு மண் தள்ளியவர்களில் சிலருக்கு மண்வெட்டி பிடிக்க விரல் இல்லை. முழங்கையால் அணைத்துப் பிடித்துத் தள்ளினார்கள். அண்ணனுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஆலை முதலாளியின் மனைவியார், ஊரே எங்களைக் காலி செய்யச் சொன்னபோது முடியாது என்று சொன்னவர். அண்ணன் போன பிறகும் அதே அறையில்தான் இருக்கிறோம். பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கச் சொல்லிச் சில பெற்றோர் கேட்டபோது, தம் மேசைக்குப் பக்கத்திலேயே அவளை உட்கார வைத்துக்கொண்ட தலைமை ஆசிரியை அம்மாவுக்கு எங்கள் வணக்கம். நோயைச் சொன்ன நாளிலேயே அண்ணனைக் கையால் தொட்டுப் பேசிய டிரெஸர் ஐயாவுக்கும் வணக்கம். சிக்குவுக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவரைப் பார்க்க ஈப்போவிலிருந்து யாரும் வருவதில்லை. அண்ணிதான் போய்வருகிறார்.

பத்திரிகை ஆசிரியர் அவர்கள் காரியத்தன்று வந்திருந்தார். அண்ணி கொடுத்த காப்பியை வாங்கி, உட்கார்ந்து குடித்தார். இந்த நினைவு மலரை அவரே பொறுப்பேற்று அச்சிட்டுத் தருகிறார்.

உறவினர்களே, நண்பர்களே, ஆண்டுத் திதியன்று எங்கள் அறையில் அண்ணன் படத்துக்குப் பூ வைத்து, மதியம் சாப்பாடு போடுகிறோம். அண்ணன் இந்த வீட்டை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. எங்கள் மூவருக்கும் அந்த நோய் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் நாங்கள் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இலை எத்தனை வாங்குவது என்று அண்ணி தினமும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. வருவதாக இருந்தால் யார் மூலமாவது ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.